யாருக்குச் சொன்ன சமாதானம்?
கென்யத் தேர்தல் முடிவுகளும் திருச்சபையின் சொல்லும்

2025 அக்டோபர் 15ஆம் நாள் கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில் ரைலா ஒடிங்கா காலமானார். கென்ய நாட்டின் முன்னாள் பிரதமராகிய அவர் ஆயுர்வேத மருத்துவத்தின் பொருட்டு அங்கு வந்து தங்கியிருந்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் தோற்றவர் என்று அவரைச் சுருக்கமாக அறிமுகம் செய்வது செய்தியாளர் வழக்கம். 1997, 2007, 2013, 2017, 2022 என்று ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பின் கணக்குச் சரியே. ஆயினும் அந்தக் கணக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2007ஆம் ஆண்டில் மெய்யாக வென்றவர் யார் என்பதை இனி எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது என்று, அத்தேர்தலை ஆராய அமைக்கப்பட்ட கிரீக்லர் ஆணைக்குழு அறிக்கை தந்தது. 2017 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட முடிவு செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் 'தோற்றவர்' என்னும் சொல்லை அவர் பெயரோடு எத்தனை முறை எழுதலாம்?

சொல்லாராய்ச்சிக்காக இவ்வினாவை நான் எழுப்பவில்லை. நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்ப மறுக்கும் ஒரு தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டபின், அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறும் ஆயர் என்ன சொல்ல வேண்டும் என்பதே என் உள்ளத்தில் நெடுநாளாகக் கிடக்கும் வினா. கென்யாவில் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். அங்கு வென்றவரும் தோற்றவரும், அடித்தவரும் அடிபட்டவரும், பெரும்பாலும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்பவர்களே. ஆதலின் தேர்தல் முடிவைக் குறித்து மக்கள் கொள்ளும் உணர்ச்சியையும் அதற்குத் திருச்சபை கொடுக்கும் மறுமொழியையும் ஒருங்கே ஆராய அந்நாட்டைப்போல் தகுந்த இடம் அரிது.

2007 டிசம்பர் 27 அன்று, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து, வாக்களிப்பு நடைபெற்றது. முதலில் எண்ணப்பட்ட வாக்குகளில் ஒடிங்கா முன்னணியில் நின்றார். பின்னர் எண்ணிக்கை தாமதமாயிற்று. இடைவெளி குறைந்தது. 30ஆம் தேதி ஞாயிறு மாலை, தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டு, பதவியிலிருந்த மவாய் கிபாக்கியே வென்றார் என்று அறிவித்தார். கிபாக்கிக்கு 45,84,721 வாக்குகள், ஒடிங்காவுக்கு 43,52,993. இடைவெளி சுமார் 2,31,700. இருள் சூழும் நேரத்தில் அரசு மாளிகையின் புல்வெளியில் அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்விக்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி நேரடி ஒலிபரப்புகள் அன்றே தடை செய்யப்பட்டன. சில நாட்களில் அதே கிவுய்ட்டு, கிபாக்கி வென்றாரா என்பது தமக்குத் தெரியாது என்று செய்தியாளரிடம் கூறினார்! முடிவை அறிவித்தவருக்கே முடிவு தெரியவில்லை.

அடுத்து நடந்தவை உலகம் அறிந்தவை. நீதிபதி வாக்கி தலைமையிலான விசாரணை ஆணையத்தின் கணக்குப்படி 1,133 பேர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். எல்டொரெட் நகருக்கு அருகில் கியம்பா என்னும் சிற்றூரில், கிகூயு இனத்தைச் சேர்ந்த எளிய மக்கள் உயிருக்கு அஞ்சி ஓர் ஆலயத்துக்குள் ஒளிந்திருந்தனர். 2008ஆம் ஆண்டின் முதல் நாளன்று அந்த ஆலயம் கொளுத்தப்பட்டது. உள்ளே வெந்து மடிந்தவருள் பெண்களும் சிறுவர்களும் மிகுதி. அம்மாத இறுதியில் நக்குருவிலும் நைவாஷாவிலும் கிகூயு இளைஞர்கள் லுவோ, கலென்ஜின் இனத்தாரைத் தேடித் தேடிக் கொன்றனர்.

அந்நாட்களில் நம் சபைகளில் கென்யாவுக்காக மன்றாட்டு ஏறெடுக்கப்பட்டதை வாசகர் சிலர் நினைவுகூரலாம். நானும் ஒரு ஜெபக்கூட்டத்தில் அவ்வாறு ஜெபித்தேன். ஆண்டவரே, அந்த மக்களின் குல வெறியைத் தணித்தருளும் என்பதே என் ஜெபத்தின் சாரம். கூடியிருந்தோர் அனைவரும் ஆமென் என்றனர். அந்த ஜெபத்தை இன்று திரும்ப எண்ணிப் பார்க்கையில் எனக்கு நாணம் உண்டாகிறது. கென்யாவைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே நோயின் பெயரைக் கடவுளுக்கு அறிவித்துவிட்டேன். சாதிச் சண்டை மலிந்த நாட்டில் வாழ்ந்துகொண்டு ஆப்பிரிக்கரின் குல வெறிக்காகப் பரிந்து பேசுவது எவ்வளவு எளிதாக இருந்தது!

குல வெறியே காரணம் என்னும் கூற்று எங்கே தவறுகிறது என்பதை ஓர் எண் காட்டும். 2022 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வில்லியம் ரூட்டோ 50.49 விழுக்காடும் ஒடிங்கா 48.85 விழுக்காடும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இடைவெளி சுமார் 2,33,200. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னிருந்த இடைவெளியும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே. முடிவை அறிவிக்கும் வேளையில் தேர்தல் ஆணையர் எழுவருள் நால்வர் வெளியேறி, அம்முடிவுக்குத் தாம் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டனர். கலவரத்துக்கு அதைவிட வேறென்ன தீப்பொறி வேண்டும்? எனினும் 2008இல் கண்ட படுகொலை மீண்டும் நிகழவில்லை. ஒடிங்கா உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். செப்டம்பர் 5 அன்று நீதிமன்றம் ஒருமனதாக ரூட்டோவின் வெற்றியை உறுதி செய்தது. தீர்ப்பில் தமக்கு உடன்பாடு இல்லையெனினும் அதனை மதிப்பதாக ஒடிங்கா அறிவித்தார்.

இனங்கள் மாறிவிடவில்லை. கிகூயுக்களும் லுவோக்களும் கலென்ஜின்களும் முன்னிருந்த இடங்களிலேயே வாழ்கின்றனர். மாறியவற்றுள் தலையாயது, எண்ணிக்கைத் தாள் அனைவர் கண்ணுக்கும் எட்டியதே. 46,229 வாக்குச் சாவடிகளிலும் எண்ணி முடித்தவுடன் கையெழுத்திடப்படும் '34ஏ' என்னும் படிவத்தின் நகலைத் தேர்தல் ஆணையம் பொது இணையதளத்தில் வைத்தது. விரும்பிய எவரும் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். செய்தித்தாள்களும் மாணவர்களும் அவ்வாறே கூட்டிப் பார்த்தனர். தோற்றவர் தாம் எங்கே எவ்வளவு தோற்றோம் என்பதைக் காண வழி இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அதை நான் தள்ளிவிட முடியாது. 2008இல் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கிகூயு, கலென்ஜின் இனத்தாரின் தலைவர்களாகிய உஹூரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் 2013இல் கைகோத்துவிட்டனர். இருவரும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் அந்த வன்முறைக்காகவே வழக்கை எதிர்நோக்கியிருந்தவர்கள். அவ்வழக்குகள் பின்னர் 2014இலும் 2016இலும் தீர்ப்பு எதுவும் இன்றியே முடிந்துபோயின. இக்கூட்டணியால்தான் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதி அமைதியாயிற்றேயன்றிப் படிவங்களால் அன்று எனச் சிலர் வாதிடுவர். இதில் உண்மை உண்டு. ஆனால் இவ்வாதம் குல வெறிக் கொள்கைக்கு உதவுவதைக் காட்டிலும் அதன் வேரையே அறுக்கிறது. இரண்டு தலைவர்கள் ஓர் உடன்படிக்கை செய்த அளவில் அடங்கிவிடும் பகையைத் தொன்றுதொட்டு இரத்தத்தில் ஊறிய பகை என்று எங்ஙனம் கூறுவது? மூட்டியவர்கள் அணைத்தார்கள் என்பதே அதன் பொருள்.

குல வெறி என்பாருக்கு நேரெதிர்த் திசையில் இன்னொரு சாரார் உளர். அவர்களோடு எனக்கு நெருக்கம் அதிகமாதலின் அவர்களைக் குறித்து இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் இறையியலை வகுப்பறையில் கற்பித்தும் கற்றும் வருகிற நாம், களவாடப்பட்ட தேர்தலுக்கு எதிராக எழும் சினத்தைக் கண்டவுடன் அதனை இறைவாக்கினரின் சினம் என்று வாழ்த்த விரைகிறோம். ஒரு பகுதி உண்மையே. கிசுமுவின் வீதிகளில் திரண்ட லுவோ இளைஞர்களின் கையிலிருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டதென அவர்கள் நம்பக் காரணம் இருந்தது. அவர்களை எதிர்கொண்டது காவல் துறையின் துப்பாக்கி. வாக்கி ஆணையம் எண்ணிய சாவுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை குண்டு பாய்ந்து நிகழ்ந்தவை. அந்தச் சாவுகளைக் குல வெறி என்னும் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது பெரும் அநீதி.

ஆனால் கியம்பாவின் ஆலயத்துக்குள் இருந்த பெண்கள் எந்தப் படிவத்தைத் திருத்தினார்கள்? நைரோபியில் எண்ணிக்கை மன்றத்தில் நடந்த சூழ்ச்சிக்கு எல்டொரெட் அருகே சோளம் பயிரிட்டவர் எப்படிப் பொறுப்பாவார்? அந்தத் தீக்குப் பின்னால் நிலத்தின் வரலாறு இருக்கிறது. 1963இல் விடுதலை கிடைத்தபின் வெள்ளையர் விட்டுச் சென்ற பிளவுப் பள்ளத்தாக்கு நிலங்கள் கடன் திட்டங்களாலும் நிலம் வாங்கும் நிறுவனங்களாலும் பெருமளவில் கிகூயுக்களின் கைக்குச் சென்றன. எம் முன்னோர் நிலம் எமக்குத் திரும்பவில்லையே என்னும் கலென்ஜின் மக்களின் குறை பொய்யன்று. ஆயினும் 1992, 1997 தேர்தல் காலங்களிலேயே அந்தக் குறையை எடுத்து அரசியல்வாதிகள் ஆயுதமாக்கியிருந்தனர். 2008இல் நடந்தவற்றுள் ஒரு பகுதி தேர்தல் முடிவுக்கு முன்பே திட்டமிடப்பட்டதென்று வாக்கி ஆணையம் கண்டது. ஆகவே அதனை ஏமாற்றப்பட்ட மக்களின் தன்னெழுச்சி என்று புகழ்வதும் ஆராயாமல் கூறும் கூற்றே. அநீதியால் எழுந்த சினம் என்பதனால் அது எங்கே போய் விழுந்தாலும் நீதியாகிவிடாது.

இனித் திருச்சபைக்கு வருவோம்.

கென்யத் திருச்சபைக்குப் பெருமைமிக்க ஒரு காலம் இருந்தது. 1986இல் ஆளும் கட்சி, இரகசிய வாக்குச் சீட்டை நீக்கி, வேட்பாளரின் ஆளுக்குப் பின்னால் மக்கள் வரிசையாக நின்று தம் தெரிவைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தபோது, தேசியத் திருச்சபைகள் மன்றத்தைச் சேர்ந்த ஆயர்கள் கூடி அதனை எதிர்த்தனர். எல்லாருக்கும் மேய்ப்பனாக இருக்க வேண்டிய ஆயர் எந்த வரிசையில் போய் நிற்பார் என்று அவர்கள் கேட்டனர். எளிய கேள்விதான், ஆனால் ஆழமானது. வரிசை கலைந்தபின் மறுபடி எண்ணிப் பார்க்க ஒரு துண்டுத் தாளும் எஞ்சாது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1988 தேர்தலில் நீண்ட வரிசைக்கு உரியவர் தோற்றதாகவும் குறுகிய வரிசைக்காரர் வென்றதாகவும் பல இடங்களில் அறிவிக்கப்பட்டது. பேராயர்கள் ஹென்றி ஒகுல்லு, டேவிட் கித்தாரி, பிரஸ்பிட்டேரியன் ஆயர் டிமத்தி ஞோயா ஆகியோர் ஒரு கட்சி ஆட்சிக்கு எதிராகப் பேசி இன்னலுற்றனர். எல்டொரெட் பேராயர் அலெக்சாண்டர் முகே, அமைச்சர் ஒருவரின் வெளிப்படையான மிரட்டலுக்குப் பின், 1990 ஆகஸ்டில் சாலை விபத்தில் இறந்தார்; அது விபத்துதானா என்னும் ஐயம் இன்றளவும் தீரவில்லை. முகே கலென்ஜின் இனத்தவர். அவர் கண்டித்த ஆட்சியின் தலைவர் மோயும் கலென்ஜின் இனத்தவரே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

2007இல் அந்தத் திருச்சபை எங்கே போயிற்று? இதற்கு மறுமொழி சொல்ல வெளியார் தேவையில்லை. தேசியத் திருச்சபைகள் மன்றமே 2008 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் அதைச் சொல்லிவிட்டது. தலைவர்களாகிய நாம் ஒருதலைச் சார்பாக நின்றோம். தேர்தலுக்கு முன் ஒரே குரலில் பேசவில்லை. இனத்தின் அடிப்படையில் அவரவர் மக்களோடு அவரவர் சேர்ந்துகொண்டோம். ஆதலின் இந்த இடருக்கு எதிரே எம்மால் நிற்க இயலவில்லை என்பது அவ்வறிக்கையின் கருத்து. அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் பேரவையின் தலைமையகம் நைரோபியிலேயே இருக்கிறது. ஆயினும் நெருக்கடியின் முதல் வாரத்தில் சமாதானம் பேசுவதற்கு அப்பேரவை தென்னாப்பிரிக்காவிலிருந்து பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவை அழைத்துவர வேண்டியதாயிற்று. பின்னர் கோபி அன்னானின் முயற்சியால் பெப்ரவரி 28 அன்று அதிகாரப் பகிர்வு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

நான் அறிந்த திருச்சபை அறிக்கைகளுள் இவ்வளவு வெளிப்படையான பாவ அறிக்கை வேறு அதிகம் இல்லை. வழக்கமாக நம் அறிக்கைகள் 'சில குறைபாடுகள் நேர்ந்திருக்கலாம்' என்பதோடு நின்றுவிடும். ஆதலின் அதன்மீது குறை சொல்லத் தயக்கமே. ஆனாலும் சொல்ல வேண்டும். பாவ அறிக்கையிலிருந்து அத்திருச்சபை பெற்றுக்கொண்ட பாடம் தவறானது என்பது என் துணிபு. சார்பு எடுத்ததனால் கெட்டோம், ஆகவே இனி எவர் பக்கமும் பேசாமல் சமாதானத்தை மட்டுமே பேசுவோம் என்று அவர்கள் எண்ணிக்கொண்டனர் போலும்.

இதன் விளைவு 2013இல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 4இல் நடந்த தேர்தலுக்கு முன்னும் பின்னும் பத்திரிகைகள், வானொலி, தொண்டு நிறுவனங்கள், திருச்சபைகள் யாவும் சமாதானம், சமாதானம் என்று ஓயாமல் ஓதின. வாக்காளரை அடையாளம் காணும் கருவிகள் பல சாவடிகளில் பழுதுற்றன. முடிவுகளை மின்வழி அனுப்பும் முறை இடையிலேயே நின்றது. கென்யாட்டா 50.07 விழுக்காடு பெற்று, பாதியை மயிரிழையில் தாண்டினார். இத்தனைக்குப் பின்னும் கேள்வி கேட்பவன் சமாதானத்தைக் குலைப்பவனாகக் கருதப்பட்டான். மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒடிங்காவின் மனுவைத் தள்ளிற்று. அது உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. 'ஏற்றுக்கொள், கடந்து செல்' என்பது அந்நாட்களில் நாடெங்கும் வழங்கிய சொற்றொடர். தொடக்கத்தில் அறிவுரையாகச் சொல்லப்பட்டது. விரைவில் தோற்றவர் வாயை அடைக்கும் ஏளனமாகிவிட்டது. எரேமியா தம் காலத்துக் குருக்களைக் குறித்துக் கூறிய குற்றச்சாட்டு நாம் அறிந்ததே. புண்ணைக் கீறிப் பாராமல் மேலே கட்டுப் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன சொல் நல்ல சொல்தான். அது எந்தப் புண்ணின்மீது வைக்கப்பட்டது என்பதே தீர்க்கதரிசியின் வழக்கு.

அவ்வாறாயின் சமாதானம் பேசுவதே தவறா? அன்று. யாரிடம் பேசுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதற்குத் திருமறையில் ஒரு பகுதி உண்டு. அதை நாம் பிரசங்கத்தில் பெரும்பாலும் இளைஞரின் ஆலோசனை கேளாதே என்னும் படிப்பினைக்காகவே எடுக்கிறோம், மீதியை விட்டுவிடுகிறோம். 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைச் சொல்கிறேன்.

சாலொமோன் மறைந்தபின் சீகேமில் இஸ்ரவேலர் கூடுகின்றனர். அது தேர்தலன்று, ஆயினும் மக்களின் இசைவு அங்கே தேவைப்படுகிறது. நுகத்தை இலகுவாக்கு என்பது அவர்கள் கோரிக்கை. ரெகொபெயாம் கடிய மறுமொழி தருகிறான். வட கோத்திரங்கள் தாவீதின் வீட்டோடு உறவை அறுத்துக்கொண்டு போகின்றன. கட்டாய ஊழியத்துக்கு அதிகாரியாக இருந்த அதோராம் கல்லெறியுண்டு சாகிறான். அரசன் இரதம் ஏறி எருசலேமுக்கு ஓடி, இலட்சத்து எண்பதாயிரம் வீரரைத் திரட்டுகிறான். அப்பொழுது தேவனுடைய மனுஷனாகிய செமாயா பேசுகிறான்: சகோதரரோடு போர் செய்யப் போகவேண்டாம், வீடு திரும்புங்கள் என்கிறான். அவர்கள் திரும்புகிறார்கள்.

செமாயா யாரிடம் பேசினான் என்று பார்க்க வேண்டும். கல்லெறிந்த வட கோத்திரத்தாரிடம் போய், அமைதியாயிருங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்லவில்லை. யூதாவின் அரசனிடமும் யூதா, பென்யமீன் மக்களிடமும் பேசினான். கையில் வாளும் படையும் வைத்திருந்த பக்கம் அது. அவன் தன் சொல்லைக் கொண்டுபோன இடமும் அதுவே. வடக்கத்தியாரின் குறை பொய்யென்றும் அவன் சொல்லவில்லை. நுகம் பாரமானது என்பதைக் கதை முழுதும் ஒப்புக்கொள்கிறது. மேலும், இக்காரியம் என்னால் ஆயிற்று என்னும் கடவுளின் சொல்லை அவன் அரசனுக்கு அறிவிக்கிறான். இன்று வென்றவர்கள் நன்றி ஆராதனை நடத்தி, கடவுளே எங்களை ஏற்படுத்தினார் என்று ரோமர் 13ஐ விரிக்கின்றனர். செமாயா அதே பாணியிலான சொல்லை, நாட்டின் பெரும்பகுதியை இழந்து நிற்கும் அரசனிடம், அவன் வாளை உறையிலிடும்படி கூறுகிறான். கடவுளின் செயல் என்னும் கூற்று வென்றவன் வாயில் ஒரு பொருளும், படையைக் கலைக்குமாறு கேட்கப்படுகிறவனின் செவியில் வேறொரு பொருளும் பெறும்.

இதைக்கொண்டு செமாயாவால் எல்லாம் சீர்பட்டது என்று நான் சொல்லவில்லை. ரெகொபெயாமுக்கும் யெரொபெயாமுக்கும் சகல நாளும் யுத்தம் நடந்ததாக இதே நூல் இரண்டு அதிகாரங்கள் தள்ளிச் சொல்லுகிறது. குறையுற்றோரின் தலைவனாக வந்த யெரொபெயாமும் பொற்கன்றுகளைச் செய்து வைத்தான். குறை நியாயமானது என்பதனால் அதைச் சுமந்து வந்தவன் நியாயவான் ஆகிவிடுவதில்லை. இதனை ஒடிங்காவின் ஆதரவாளரும் மறவாதிருத்தல் நன்று. அவரே 2018 ஜனவரி 30இல் தம்மை மக்களின் குடியரசுத் தலைவர் என்று பிரமாணம் செய்துகொண்டு, மார்ச் 9இல் அதே கென்யாட்டாவோடு கைகுலுக்கினார். இடைப்பட்ட நாட்களில் அவரை நம்பி வீதிக்கு வந்து அடிபட்டவர்களுக்கு அந்தக் கைகுலுக்கல் என்ன விடை தந்தது?

இப்பொழுது பேராயர் முகேயை மறுபடி நினைவுகூர்வோம். தன் இனத்தவனின் ஆட்சியைத் தன் இனத்தார் நடுவிலேயே நின்று கண்டித்தவர் அவர். செமாயா நின்ற இடமும் அதுவே. 2007இல் தேவைப்பட்டதும் அதுவே. பதவிப் பிரமாணம் இருளில் நடந்த மறுநாள், கிகூயுப் பகுதிகளின் ஆலயங்களில், எண்ணிக்கைத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள் என்னும் சொல் எழுந்திருக்க வேண்டும். கலென்ஜின் பகுதிகளின் ஆலயங்களில், உன் அயலானின் கூரைமேல் கை வைக்காதே என்னும் சொல் எழுந்திருக்க வேண்டும். தனித்தனியே அவ்வாறு பேசி ஆபத்துக்குள்ளான ஆயர்களும், அடைக்கலம் தந்த சபைகளும் இருந்தன. அதை மறுப்பது பாவம். ஆனால் திருச்சபையாக அது பேசவில்லை. அதன் சொந்த அறிக்கையே சான்று. அவரவர் இனத்தோடு சேர்ந்துகொண்டது மட்டும் அன்று குற்றம். அவரவர் இனத்திடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் சேர்ந்துகொண்டதே குற்றம். இந்த வேறுபாட்டைக் காணாததனால்தான் சார்பின்மை என்னும் மருந்து தவறாக எடுக்கப்பட்டது. ஆயர் தம் மக்களோடு இருக்கத்தான் வேண்டும். வேறு எவர் சொன்னாலும் அவர்கள் கேளாததை அவர் சொன்னால் கேட்கக்கூடும்.

2017இல் நேர்ந்ததையும் இந்த ஒளியில் பார்க்கலாம். ஆகஸ்டு 8 தேர்தலில் கென்யாட்டா 54 விழுக்காடு பெற்று வென்றதாக அறிவிப்பு வந்தது. அயல்நாட்டுப் பார்வையாளர் பலர் வாக்களிப்பைப் பாராட்டிவிட்டு விமானம் ஏறினர். கிசுமுவில் வீட்டுக்குள் புகுந்த காவலரின் அடியால் ஆறு மாதக் குழந்தை ஒன்று மாண்டது. காவலரே பொறுப்பென்று 2019இல் நீதி விசாரணை கண்டது. ஒடிங்கா நீதிமன்றம் சென்றார். ஆணையத்தின் கணினிப் பதிவுகளைக் காட்டுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணையம் முழுமையாகக் காட்டவில்லை. காட்டாதது அதற்கு எதிராகவே கொள்ளப்பட்டது. செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா, நால்வருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில், தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வாசித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் இவ்வாறு தள்ளியது அதுவே முதல்முறை. ஏழாம் நாள் ஓய்வு சபையின் மூப்பராகிய மராகா, ஒரு நாட்டின் மேன்மை அரசமைப்புக்கு உண்மையாயிருப்பதிலும் அனைத்துக்கும் மேலாகக் கடவுளுக்கு அஞ்சுவதிலும் உள்ளது என்னும் கருத்தைத் தீர்ப்பிலேயே கூறினார். மறுப்புக் குரல் உடனே எழுந்தது. முதலில் தீர்ப்பை மதிப்பதாகச் சொன்ன கென்யாட்டா, அன்றே ஆதரவாளர் கூட்டத்தில் நீதிபதிகளைக் கயவர் என்று பழித்தார். நான்காண்டுகளாக 'ஏற்றுக்கொள், கடந்து செல்' என்று பிறருக்கு ஓதியவர்களுக்கு, தம் முறை வந்தபோது அந்தச் சொல் மறந்துவிட்டது. மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். அதில் கென்யாட்டா 98 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். வாக்களிக்க வந்தவரோ பத்தில் நால்வருக்கும் குறைவு.

தோற்றவன் கேட்பது வெற்றியை மட்டுமன்று, தாளையும்தான். காட்டப்பட்ட இடத்தில் ஏற்றுக்கொள் என்று அவனிடம் சொல்ல ஆயருக்கு உரிமை உண்டு; மறைக்கப்பட்ட இடத்தில் அந்த உரிமை இல்லை. 2022இல் தாள்கள் காட்டப்பட்டன. அவ்வாண்டு ஒடிங்காவின் ஆதரவாளரிடம் பொறுமை கேட்ட ஆயரும், 2013இல் அதே பொறுமையைக் கேட்ட ஆயரும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் ஒரே பிரசங்கம் அன்று.

இன்னொன்று எஞ்சியிருக்கிறது, அது பணம். கென்ய ஆலயங்களில் அரசியல்வாதி ஞாயிறு ஆராதனைக்கு வந்து, கட்டட நிதிக்குக் கற்றையாகப் பணம் கொடுத்து, பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசிச் செல்வது நெடுநாளைய வழக்கம். பீடத்தை முன்கூட்டியே வாடகைக்கு விட்டவர், முடிவு வந்த ஞாயிறன்று அதில் ஏறி எவரிடம் என்ன சொல்ல முடியும்? 2021 செப்டம்பரில் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ஜாக்சன் ஓலே சாபிட், அரசியல்வாதிகள் தம் சபையின் பீடங்களில் பேசுவதைத் தடை செய்தார். 2024 நவம்பரில் நைரோபி கத்தோலிக்கப் பேராயம், குடியரசுத் தலைவர் ரூட்டோ ஓர் ஆலயத்துக்குக் கொடுத்த நன்கொடையைத் திருப்பி அனுப்பிற்று. அவ்வாண்டு வரிகளுக்கு எதிராக வீதிக்கு வந்த இளைஞர்கள், ஆலயங்கள் அரசியல்வாதிகளின் பணத்தை வாங்குவதைக் கடுமையாகச் சாடியிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேராயர்களுக்குத் துணிவு வருமுன் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில் நடைபெற வேண்டும். 2023இன் தொடக்கத்திலிருந்து 2025 ஜூலை வரை அந்நாட்டின் தேர்தல் ஆணையத்தில் ஆணையர் ஒருவரும் இல்லை. இப்போது புதியவர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர். ஒடிங்கா பெயர் வாக்குச் சீட்டில் இராது. 34ஏ படிவங்கள் மீண்டும் பொது இணையதளத்தில் வைக்கப்படுமா என்று இப்போதே கேட்கும் ஆயர்கள் எத்தனை பேர், எந்தெந்த இனத்தார் நடுவில் நின்று கேட்கிறார்கள் என்பதையே நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.